பருந்து காட்டிய வெறுஞ்சுவர்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்து எழுதியது அல்ல. தொலைபேசியில் வந்தது, அதுவும் முடிவு இல்லாமல். சொன்னவர் ஒரு கடற்படைக்காரர். "நீங்க எழுதுறவர்தானே, இதை வச்சு ஏதாவது பண்ணிக்கோங்க" என்றார், வேண்டாத சோபாவை அடுத்த வீட்டுக்காரன் தலையில் கட்டுகிற குரலில். வாங்கி உள்ளே போட்ட பிறகுதான் அதற்கு ஒரு கால் இல்லை என்று தெரிகிறது.

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

கடல் அன்று அமைதியாக இரு

(நிறுத்திவிட்டேன். இவர் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்ப்பவர். மாதக்கணக்கில் அவர் பார்ப்பது குழாய்களையும் டீசலையும்தான். இந்தக் கதையில் கடலுக்கு வேலையே இல்லை.)

பிரிவு என்பது மனித வாழ்வின்

(இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.)

அவருக்கு இரண்டு பெயர்கள். வீட்டில் "என்னங்க". இணையத்தில் "பருந்து". இரண்டாவது பெயரில் கூப்பிட்டால்தான் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2.

பருந்து பறந்தது "இது எங்கே?" என்கிற இணையக் குழுவில். ஒருவர் ஏதோ ஒரு இடத்தின் படத்தைப் பேச்சில்லாமல் போடுவார். மற்றவர்கள் விளக்குக் கம்பம், சாக்கடை மூடி, நிழல் விழும் பக்கம் என்று துருவித் துருவி அது எந்த ஊர், எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க வேண்டும். வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் வேலை இருக்கிறது. அதை விட்டுவிட்டுத்தான் இதைச் செய்கிறோம்.

ஆமாம், நானும் உண்டு. அங்கே என் பெயர் "ஆமை". மற்றவர்கள் தெருவையே சொல்லி முடித்த பிறகு நான் வந்து கண்டத்தைத் தவறாகச் சொல்வேன்.

பருந்து அங்கே ராஜா. ஒருமுறை யாரோ ஒரு பூனையின் படத்தைப் போட, பின்னாலிருந்த கதவின் தாழ்ப்பாளை வைத்தே ஊரைச் சொன்னார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உபதேசமும் செய்வார்: "படத்துக்கு நடுவுல பாக்காதீங்க, ஓரத்தைப் பாருங்க. தண்ணி, கண்ணாடி, பாத்திரம், பளபளன்னு எது இருந்தாலும் விடாதீங்க."

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விலகிப் போகிறவர் கடைசியாக ஒரு படம் போட்டு, "நான் எங்கே?" என்று கேட்க வேண்டும். மறுநாள் வரை யாருக்கும் பிடிபடவில்லை என்றால் அவர் பெயர் குழுவின் உச்சியில் "தோற்காதவர்" என்று நிரந்தரமாக நிற்கும். அப்படி நின்ற பெயர் இதுவரை கிடையாது. பருந்துக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண்.

3.

கப்பல் கிளம்பப் போகிறது, திரும்ப அரை வருடம் ஆகும், அங்கே இணையம் கிடையாது என்று உத்தரவு வந்தது. அதே வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரரும் வந்து நின்றார்.

"நீங்க கப்பல் ஏறுறதும் நான் பீரோ தூக்குறதும் எப்படிங்க கரெக்டா ஒண்ணா அமையுது?" என்றாள் மனைவி.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு மூன்று முறை வீடு மாற்றியாயிற்று, மூன்று முறையும் அவர் கடலில். கண்ணாடி பதித்த இரும்பு பீரோ அது, யானைக் கனம். கூலிக்கு வந்த ஆளோடு சேர்ந்து அவளே தூக்கினாள். ஒரு தடவை அது காலில் இறங்கிப் பெருவிரல் நகம் கறுத்துப்போனது. படம் எடுத்து அனுப்பினாள். துறைமுகம் வந்ததும் பார்த்துவிட்டு, அவர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பினார்.

"இந்த ஒரு தடவை லீவு கேளுங்க. நீங்க ஒரு முனையைப் பிடிச்சா போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

மறுநாள் வந்து, "கேட்டேன், தரலை" என்றார்.

(அவர் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். "கேட்டா குடுத்துடுவாங்களோன்னு பயம்" என்றார். கடலில் அவருக்குத் தெரிந்த வேலை இருக்கிறது. வீட்டில் அவர் விருந்தாளி.)

பிறகு உட்கார்ந்து குழுவுக்குப் பிரியாவிடை எழுதினார். எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். "என் கண்களுக்குக் கண்ணாக இருந்தவர்களே" என்ற இடத்தை மட்டும் தனக்கே இரண்டு முறை படித்துக் காட்டிக்கொண்டார். அந்தக் கண்ணான கண்களில் ஒன்றின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"இவங்கள்ல யாராச்சும் பீரோ தூக்க வருவாங்களா?"

4.

கப்பல், துறைமுகம், சீருடை, தேதி எதுவும் வெளியே போகக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. பருந்து அதை மதித்தார். அதனால்தான் உலகத்திலேயே கஷ்டமான படத்தை எடுத்தார்: தன் படுக்கையறையின் வெறுஞ்சுவர். வெள்ளைச் சுண்ணாம்பு, வேறு ஒன்றுமில்லை. "தோற்காதவர்" பட்டம் சட்டைப்பையில் விழுந்துவிட்டது என்றே நினைத்தார்.

டீ கொதிப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

படத்தின் இடது ஓரத்தில், நூல் மாதிரி, பீரோவின் கண்ணாடி. கண்ணாடியில் கட்டிலும் அதன் மேல் பாதி கட்டிய பையும் கம்பளிக் குல்லாயும். அவற்றுக்குப் பின்னால் திறந்த ஜன்னல். ஜன்னலில் துறைமுகத்தின் பாரந்தூக்கி, அதன் கீழே சாம்பல் நிறக் கப்பல், அதன் நெற்றியில் எண்.

இதை எழுதும்போது நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஊரார் வீட்டுத் தாழ்ப்பாளையெல்லாம் படித்த மனிதருக்குத் தன் வீட்டு பீரோ தெரியாதா? தெரியாது. சொந்த வீடு அவருக்கு ஒரு இடமாகவே பட்டதில்லை. அந்த பீரோவை அவர் தொட்டதெல்லாம் சட்டை எடுக்கத்தான்.

பிரியாவிடையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பாரந்தூக்கி எந்த மாதிரி என்று அடித்துக்கொண்டார்கள். கடைசியில் நடுவர் (ஓய்வுபெற்ற நில அளவையாளர், குழுவை நடத்துகிறவர்) தீர்ப்பு எழுதினார்: "கப்பல் இன்னது. குல்லாய் இருப்பதால் குளிர்க்கடல். பை பாதி கட்டியிருப்பதால் இந்த வாரமே பயணம். ஊர்க்குருவி உயரப் பறந்தாலும் பருந்தாகாது என்பார்கள். பருந்து ஊர்க்குருவியானதை இன்று பார்த்தோம். அனைவருக்கும் வாழ்த்துகள்."

அதன் கீழே நான் ஒரு வரி எழுதினேன்: "பத்திரமாகப் போய் வாருங்கள்." தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று நடுவர் அதை நீக்கிவிட்டார். நீக்குவதற்குள் பருந்து பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அதனால்தான் பிறகு எனக்குப் போன் செய்தார்.

5.

நடுவரின் தீர்ப்பு எப்படியோ கடற்படை அலுவலகம் வரை போய்விட்டது. அதிகாரி உட்காரச் சொல்லவில்லை.

"சுவத்துக்குக் காது உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். உன் வீட்டுச் சுவத்துக்குக் கண்ணு வாய் எல்லாம் இருக்கே."

"சார், வெறும் சுவரைத்தான் சார் போட்டேன்."

"அந்த வெறும் சுவரால கப்பல் கிளம்புற நாளை மாத்திட்டோம். உன்னையும் மாத்திட்டோம்."

கரையில் ஒரு கிடங்கு. பெயின்ட் டப்பாக்களுக்குக் காவல். பதவி உயர்வைப் பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து, பாத்திரம் கழுவும் சத்தத்தோடு அவள் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. அவருக்கு அது புதிதாக இருந்தது.

6.

முடிவுக்கு என்னிடம் இரண்டு சரக்கு இருந்தது. ஒன்றில், அவரில்லாமல் கப்பல் போகிறது, கரையில் நின்று அவர் கையசை

(வேண்டாம். இந்தக் காட்சியை எழுதாத ஆள் பாக்கியில்லை.)

இன்னொன்றில், அவர் வெட்கத்தை விட்டுக் குழுவுக்குத் திரும்புகிறார். சொந்த வீட்டுப் படம் போட்டது விதிமீறல் என்று அவரை வெளியே தள்ளுகிறார்கள். இது நிஜமாகவே நடந்தது. ஆனால் இதை முடிவாக வைத்தால் கதை அந்தக் குழுவைப் பற்றியதாகிவிடும். அவ்வளவு மரியாதைக்கு நாங்கள் தகுதியில்லை.

7.

ஆகவே அவர் போனில் சொன்ன கடைசிப் பகுதியை அப்படியே தருகிறேன்.

பீரோவை இறக்கினார்கள். குறுகலான படிக்கட்டு. மேல்முனையில் அவள், கீழ்முனையில் அவர். பாரம் முழுக்கக் கீழ்முனைக்குத்தான் வரும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை தடவையும் நீ பிடித்தது எந்த முனை என்று அவளிடம் கேட்டார். "கூலி ஆளுக்கு முதுகுவலி, நான்தான் கீழே" என்றாள். பாதி வழியில், திருப்பத்தில், பீரோ சிக்கிக்கொண்டது. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. அப்போது பீரோவுக்கு மேலாக அவள் குரல் மட்டும் வந்தது. முகம் தெரியவில்லை.

"ஏங்க, உங்களுக்கா கண்ணாடி கண்ணுல படாம போகும்? எனக்காக வேணும்னேதானே அந்தப் படத்தைப் போட்டீங்க?"

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"இருங்க, அவ கூப்பிடறா" என்று போனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

முதல் பிரதியில் இங்கே "அப்பாவியான அவள்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பிரியாவிடையைத் தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள் அவள். அவருக்குக் கண் அந்தப் பட்டத்தின் மேல்தான் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் கேட்டிருக்கிறாள் என்றால், அவர் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டியிருக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். நான் ஆமை.

அவர் ஆமாம் என்றால், விருந்தாளி வீட்டுக்காரன் ஆகலாம், பொய்யை வாடகையாகக் கொடுத்து. இல்லை என்றால், லீவு கேட்கவே இல்லை என்பதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். அவர்களால் பீரோவை வைக்க முடியாது. அவர் வாயில் ஒரு வார்த்தை போடுங்கள், நீங்கள் உங்கள் வீட்டில் எதைச் சொல்வீர்களோ அதையே. யோசிக்க நேரம் கேட்காதீர்கள், அவருக்குக் கை நழுவுகிறது.