நாலாம் சட்டி நண்டு

சைதூன் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்த உலகநாதன் நண்டின் கண்ணை வெட்டுகிறவன் என்பது 1974-ல் கோவளம் முழுக்கத் தெரியும். தெரியாமல் இருந்த இரண்டொருவருக்கும் சைதூனே சொல்லிவிட்டிருந்தாள். "சூனியமில்ல, படிப்பு" என்று கூடவே சேர்த்துக்கொள்வாள்.

நண்டின் கண் காம்புக்குள் ஒரு சுரப்பி உண்டாம். 'இப்போது ஓட்டைக் கழற்றாதே' என்று ஹார்மோன் வழியாக உடம்புக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். காம்பு போனால் சேதி நிற்கும், ஓடு கழலும். அந்தச் சேதியை உடம்பில் எந்த இடம் வாங்கிக்கொள்கிறது என்பதுதான் உலகநாதனின் ஆராய்ச்சி. மாமியார் ஊருக்குப் போன வீடு மாதிரி என்று சைதூன் புரிந்துகொண்டாள்.

ஆறு சட்டி, ஆறு நண்டு, முதுகில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். கண் காம்பை வெட்டி எட்டு நாளாகியும் ஒன்றும் ஓடு கழற்றவில்லை. ஒன்றாவது கழற்றாவிட்டால் வேறு தலைப்பு பார் என்று பேராசிரியர் ஆபிரகாம் கடிதம் போட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் அவரை அழைத்துவர உலகநாதன் செங்கல்பட்டு ஜங்ஷனுக்குக் கிளம்பினான்.

"அக்கா, எட்டு மணிக்குக் கடல் தண்ணி மாத்திடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

எட்டு மணிக்கு சைதூன், பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தம் எதனால் முறிந்தது என்று சுவரோரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு வந்து பார்த்தால் நாலாம் சட்டி நண்டு அசையாமல் கிடக்கிறது. கரண்டியால் தட்டினாள். அசைவில்லை.

பையனின் மூன்று வருஷப் படிப்பைத் தன் வாயே தின்றுவிட்டதோ? முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை அள்ளி, பேப்பரில் சுருட்டி, மாவு டின்னில் ஒளித்தாள். தெருவுக்கு ஓடி மீன்காரியை மடக்கினாள்.

"கன்னியம்மா, உசுரோட ஒரு நண்டு குடு. கண்ணு ரெண்டையும் நறுக்கிக் குடு."

"இன்னா பாயம்மா, உங்க வூட்டு நண்டு வாத்தியாரு பைத்தியம் உனக்கும் ஒட்டிக்கிச்சா?"

"வாய மூடிக்கினு நறுக்குடி!"

நம்பருக்கு வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு இருந்தது. சட்டியில் விட்டதும் புது நண்டு, உள்ளே கிடந்த பானைத் துண்டுக்கு அடியில் நுழைந்தது. ஏதோ பிறாண்டும் சத்தம். பயந்திருக்கிறது போல என்று தட்டைப் போட்டு மூடினாள்.

மூன்று மணிக்குப் பேராசிரியர் அந்தத் தட்டைத் திறந்தார். தண்ணீர் வெளுத்திருந்தது. நண்டைத் தூக்கினார்.

"என்னய்யா இது, சுண்ணாம்பு? காம்புல புண் பச்சையா இருக்கு. ஒம்பது நாள் வெட்டா இது? யாரை ஏமாத்தப் பாக்கறே?"

"சார், சத்தியமா எனக்கு..." உலகநாதன் நண்டைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

சுவருக்கு மேல் நான்கு தலைகள் முளைத்திருந்தன. ஊரார் விஷயத்தை அவற்றுக்கு ஊட்டி வளர்த்தவளே சைதூன்தான். இன்று தன் விஷயம். வாயைத் திறக்காவிட்டால் பையன் திருடனாகிவிடுவான். உள்ளே போய் மாவு டின்னை எடுத்துவந்தாள்.

"நான்தான் அய்யா. அது செத்துப்போச்சு, பயந்து வேற விட்டேன்." டின்னை நீட்டினாள்.

பேராசிரியர் பேப்பரைப் பிரித்தார். முதுகில் பெயிண்ட் நம்பர் 4. பின்பக்கம் வாய் பிளந்திருந்தது, உள்ளே காற்றுதான்.

"செத்த நண்டுன்னா கறி எங்கம்மா? இது கழட்டிப் போட்ட ஓடு."

உலகநாதன் பாய்ந்து பானைத் துண்டைப் புரட்டினான். அடியில் பஞ்சுபோல் மெத்தென்ற நண்டு, பாதி மட்டும். மீதியைப் புதிய விருந்தாளி தின்றிருந்தது. சேதி வாங்கும் இடத்தைத் தேடவேண்டிய உடம்பும் அதோடு போயிற்று.

ஆபிரகாம் ஓட்டை வெளிச்சத்தில் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு கழட்டியிருக்கு. மீதி அஞ்சு. ஒரு மாசம் தரேன்."

மறுநாள் ஐந்து சட்டிக்கும் மூடி, மூடிமேல் ஆளுக்கொரு செங்கல். சைதூன் கிட்டே போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்து காதை மட்டும் நீட்டினாள். மூன்றாம் நாள் நடுப்பகலில் இரண்டாம் சட்டிக்குள் ஓடு பிளக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"தம்பீ!" என்று அலறினாள். "நான் தொடல! நீயே வந்து பாரு!"