எழுபதுக்கு முந்தைய நிமிடங்கள்

எனக்குப் பைபோலார், மனம் ஒரேயடியாக ஏறுவதும் பாதாளத்தில் விழுவதுமான நோய். முப்பது வருஷமாக. அதை மூடி மறைக்கிற ஆள் நான் இல்லை. எங்கள் கடலோர ஊரான பர்னியில் கறிக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். என் தம்பி லின்ட்சேவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். நான் படுக்கையை விட்டு எழாத மாதங்களில் மாத்திரையை எண்ணித் தந்து, தலை வாரிவிட்டவன் அவன்தான்.

போன குளிர்காலத்தில் டீகன் என்ற ஆராய்ச்சிப் பெண் வந்தாள். மனநோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் தங்கள் மனநிலையைத் தாங்களே எப்படி அளந்து சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம். தினம் ஐந்து முறை கைப்பேசி கூவும். ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ படுமோசம் என்றால் பூஜ்யம், பிரமாதம் என்றால் நூறு என்று ஒரு கோடு. அதில் ஒரு பொட்டை நகர்த்தி நிறுத்தி அனுப்ப வேண்டும். எட்டு வாரம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத உறவினர் ஒருவரும் வேண்டும் என்றாள்.

"உன்னை மாதிரி மரக்கட்டைதான் வேணுமாம்டா," என்று நான்தான் அவனை இழுத்துவிட்டேன்.

ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் தனக்குத் தபாலில் வந்த தாளை மேசையில் போட்டான்.

"பாத்துக்கோ அக்கா. எழுபது, எழுபது, எழுபது. உன்னுது மாதிரியா? உன் தாளைப் பாத்தா நண்டு ஓடின மாதிரி இருக்கு."

"போடா, பீத்தல். உனக்கு எதுக்கும் எழுபதுதான். உன் வீடு எரிஞ்சாலும் மோசமில்லைன்னுதான் சொல்லுவே."

எங்கள் ஊரில் யாரை எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் ‘மோசமில்லை’தான் பதில். நான் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பினேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் ஒரு பட்டியல்: கேள்வி எப்போது திறக்கப்பட்டது, பதில் எப்போது போனது. என் தாளில் எல்லாம் மூன்று விநாடி, நான்கு விநாடி. இவனுடையதில் பதினோரு நிமிடம். ஒன்பது நிமிடம். ஒருநாள் காலை நாற்பது நிமிடம். எவ்வளவு நேரமானாலும் கடைசியில் போன பதில் எழுபதுதான்.

"இது என்னடா?"

"விரல் தடிமன்."

"நாப்பது நிமிஷத்துக்கா?"

"பஸ் ஓட்டிட்டு இருந்திருப்பேன். உருளைக்கிழங்கைத் தள்ளு."

ஐயோ, எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேக்கரிப் பெண் சொல்லியிருந்தாள், பிள்ளைகளை இறக்கிவிட்டு இவன் காலிப் பேருந்தைக் கடல் விளிம்பில், தண்ணீரைப் பார்த்து நிறுத்தி வைத்து உட்கார்ந்திருக்கிறான் என்று. சோம்பேறி என்று நானும் சேர்ந்து சிரித்திருந்தேன்.

இரண்டு கைப்பேசிகளும் ஒன்றாகக் கூவின. நான் என்னுடையதைத் தொடவில்லை. எழுந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். அவன் கட்டைவிரல் பொட்டைக் கீழே கொண்டுபோனது. எட்டு. அங்கேயே நின்றது. கறி ஆறிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து விரல் முப்பதுக்கு ஏறியது, நின்றது, மறுபடி ஏறி எழுபதுக்கு வந்தது. அனுப்பினான்.

"எட்டுல நின்னியே லின்ட்சே."

அவன் திரும்பவில்லை. "அதை அனுப்பினா போன் பண்ணிக் கேப்பாங்க. ஆஸ்பத்திரிக்கு வான்னுவாங்க. நீ மறுபடி படுக்கையில விழுந்தா யாரு பாத்துக்கறது?"

"எத்தனை நாளா?"

"உனக்கு முதல் தடவை வந்துதே, அந்த வருஷத்துலேருந்து."

அந்த வருஷம் அவனுக்குப் பத்தொன்பது வயது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அத்தனை மாதமும் என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவன் உள்ளுக்குள் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவன் முகத்தை நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"நாளைக்குக் காலையிலயும் அந்தக் கடலுக்குத்தான் போவியா?"

இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து பேருந்துச் சாவியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீ வச்சுக்கோ அக்கா," என்றான். "காலையில வந்து கேப்பேன். நல்லாத்தான் பேசுவேன், சிரிப்பேன். குடுத்துடாதே."