கோட்டுக்குக் கீழே இருந்த குறிப்பு

மைக்கக்காவின் குரலுக்கு மைக்கே தேவையில்லை என்று அவளோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பேருந்து நிலையத்தில் பதினோரு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள். ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு துண்டுச்சீட்டு வரும். எந்தப் பேருந்து, எந்த மேடை, எத்தனை மணி. கண்ணில் பட்டது மறுநொடி வாயில் வந்துவிடும்; நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. எதையும் மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு முறை சொன்னால் பாதிப் பேர் காதில் விழாது, இரண்டு முறை சொன்னால் மீதிப் பேர் நம்ப மாட்டார்கள். பிறகு நிலையத்தில் பதிவுசெய்த குரலைப் போட்டுவிட்டு இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சுகாதார அலுவலகத்தின் வேனுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது, வந்து சேர்ந்தாள். கொசு, குடிநீர், தடுப்பூசி என்று மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகுதான் அந்தச் சீட்டு வந்தது.

சீட்டின் மேல் பாதியில் அறிவிப்பு இருந்தது. தொண்டை அடைப்பான் நோய் பரவுகிறது, குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் இருந்தால் உடனே வாருங்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, நர்ஸின் பார்வைக்காக அலுவலகத்தில் எழுதிய குறிப்பு: கதவு எண் பதினேழு, தையற்காரி வீடு, மகளுக்கு நோய் உறுதி, சுற்று வீடுகளைப் பார்க்கவும். பேருந்து நிலையச் சீட்டுகளில் கோடு போடும் வழக்கம் இல்லை. மைக்கக்கா கோட்டைத் தாண்டிப் படித்தாள். 'குறிப்பு' என்ற சொல்லைக்கூட விடாமல், நல்ல உச்சரிப்போடு, மூன்று முறை படித்தாள். தெருவின் மறுகோடியில் இருந்த நர்ஸ் ஓடிவந்து வேன் கதவைத் தட்டியபோது மூன்றாவது முறையும் முடிந்துவிட்டது.

நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள தெரு அது. அன்று மதியமே தையற்காரியிடம் துணி கொடுத்திருந்தவர்கள் வந்து, வீட்டு உரிமையாளரைக் கொண்டு கதவைத் திறக்கவைத்து, தைத்தது தைக்காதது எல்லாவற்றையும் குச்சியால் எடுக்காத குறையாகத் திரும்ப எடுத்துப் போனார்கள். உரிமையாளரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மகளோடு மருத்துவமனையில் இருந்த தையற்காரிக்கு இந்தச் செய்தியெல்லாம் அங்கேயே போய்ச் சேர்ந்தது. கெட்ட செய்திக்கு வேன் தேவையில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாருக்கும் தொண்டை வலிக்கவே இல்லை. காய்ச்சல் என்ற பேச்சே கிடையாது. நர்ஸ் கதவைத் தட்டினால் எல்லாரும் நலம், எல்லாப் பிள்ளைகளும் நலம், ஊசி போன வருடமே போட்டாயிற்று, வணக்கம். பன்னிரண்டு நாளில் தடுப்பூசி போட்டுக்கொண்டது நான்கு வீடுகள். மைக்கக்காவின் வேன் திரும்பும்போதே ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொள்ளும். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் தன் வாய் மேல்.

பன்னிரண்டாம் நாள் காலை அவள் வேனை விட்டு இறங்கி, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, அதே தெருவில் முப்பத்தொன்றாம் எண் வீட்டுக்குப் போனாள். அது அவளுடைய சொந்த அண்ணன் வீடு. அண்ணன் பேக்கரியில் மாவு பிசைகிறவன். அண்ணி கதவை ஒரு சாண் திறந்து, அந்த ஒரு சாணுக்குள்ளேயே நின்றாள். பிள்ளையைக் கேட்டதற்கு, தன் அம்மா வீட்டுக்கு அனுப்பி இரண்டு நாளாகிறது என்றாள். சொல்லும்போது மைக்கக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மைக்கக்கா வாசலைப் பார்த்தாள். அண்ணன் மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு இருப்பது இரண்டே ஜோடி. பள்ளிக்கூட ஷூ ஒன்று, நீலச் செருப்பு ஒன்று. இரண்டும் படியோரமாக இருந்தன. பிள்ளை வெறுங்காலோடா ஊருக்குப் போயிருக்கும்? உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. அடைத்துக்கொண்ட, கரகரத்த இருமல். அண்ணி கதவைச் சாத்தப் போனபோது பின்னாலிருந்து அண்ணன் வந்தான்.

"உன் வாயில எங்க வீட்டு நம்பரும் வரணுமா? நாளைக்குப் பேக்கரியில என்னை உள்ளயே விட மாட்டாங்க. போயிடு."

"அண்ணா, இது நாள் பார்த்துக் காத்துக்கிட்டு இருக்கற நோய் இல்ல. முறிமருந்தை முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள போட்டாத்தான்…"

கதவு முகத்தில் அடித்தாற்போல் சாத்தப்பட்டது. அண்ணன் மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனைப் பொய் சொல்ல வைத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நேராக அலுவலகத்துக்குப் போய் அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னாள். எந்த வீடு என்று மட்டும் சொல்லவில்லை. அதிகாரி நல்ல மனிதர், ஆனால் கோப்புக்குப் பிறந்தவர். நாளைக் காலை போலீஸோடு போய் வீடு வீடாகப் பார்த்துவிடலாம் என்றார். நாளைக் காலை என்பது அவள் காதில் சுத்தியலால் அடித்ததுபோல் விழுந்தது. போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்புவதற்குள் பிள்ளைகள் பின்வாசல் வழியாக நான்கு ஊருக்குப் போய்விடும், நோயும் கூடவே போகும் என்றாள். வேறு வழி என்ன என்று அவர் கேட்டார். மைக்கிலேயே மன்னிப்புக் கேட்கிறேன் என்றாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அலுவலகமே தப்பை ஒத்துக்கொண்டது மாதிரி ஆகிவிடும், அப்படி ஏதாவது செய்தால் அன்றே வேலை போய்விடும் என்று விரலை ஆட்டிச் சொன்னார். தப்புச் செய்தால் ஒத்துக்கொள்ளத்தானே வேண்டும் என்று கேட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள். வேலை போனால் போகட்டும் என்று அவள் வீரம் பேசவில்லை. வேலை வேண்டும். பிள்ளை அதைவிட வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

அடுத்து அவள் தட்டியது பதினேழாம் எண் கதவை.

திறந்தது தையற்காரிதான். உள்ளே ஒரே அறை. ஜன்னலோரம் தையல் இயந்திரத்தின் மேல் ஒரு பழைய போர்வை போர்த்தியிருந்தது. சுவரோரம் மூட்டைகள் கட்டி அடுக்கியிருந்தன. மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வெட்டித்துணிகளை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பெண். பிள்ளை பிழைத்து, கிருமி போய்விட்டது என்று மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்பி, வீடு வந்து இரண்டு நாள் ஆகிறதாம். தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நோய் வந்ததை மூன்று முறை சொன்ன வேன், நோய் போனதை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

மைக்கக்கா கையைக் கூப்பினாள். தன் தவறு இன்னதென்று, சீட்டு, கோடு, குறிப்பு என்று ஒன்று விடாமல் தாழ்ந்த குரலில் சொன்னாள். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. தையற்காரி முழுக்கக் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"தப்பை ஊருக்கே கேக்கற மாதிரி பண்ணீங்க. மன்னிப்பை மட்டும் காதும் காதும் வெச்ச மாதிரி கேக்கறீங்களே, இது எந்த ஊரு நியாயம்?"

"மைக்குல கேக்கத்தான் வந்தேன். அதுக்கு உங்க சம்மதம் வேணும். நம்பரைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்க. இனிமே அது யாருக்குத் தெரியாது? நான் சொல்லச் சொல்லி நீங்க சொன்னா அது வேற." அவள் மகளைப் பார்த்தாள். "இவ பிழைச்சுட்டாங்கறதையும் சொல்லுங்க. அதைச் சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரலையே."

ஓட்டுநர் வேனைத் தெருவின் நட்டநடுவில் நிறுத்தினார். பின்னாலேயே ஆட்டோவில் நர்ஸும் இன்னொரு நர்ஸும் ஊசிப் பெட்டியோடு வந்து நின்றார்கள். மைக்கக்கா கையில் அன்று சீட்டு எதுவும் இல்லை. பதினான்கு வருடத்தில் முதல்முறையாகத் தாளைப் பார்க்காமல் பேசப்போகிறாள். மைக்கைத் தட்டிப் பார்த்தாள், ஜன்னல்கள் வழக்கம்போலச் சாத்திக்கொண்டன.

"நான்தான் வேன்ல பேசறவ. அன்னைக்குப் பதினேழாம் நம்பர் வீட்டைப் பத்தி மைக்குல படிச்சது நான். அது படிக்கக் கூடாதது. ஒரு வீட்டு நோவை ஊருக்குச் சொல்ற உரிமை எனக்கு இல்ல. அவங்க மானத்தைக் கப்பலேத்தினது நோய் இல்ல, நான். அவங்ககிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன். அவங்க பொண்ணு பிழைச்சு வீடு வந்துடுச்சு, அதைச் சொல்லச் சொன்னது அவங்கதான். இனிமே யார் வீட்டையும் அவங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன்."

மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டாள். தெருவில் ஒரு கதவும் அசையவில்லை. ஓட்டுநர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது தையற்காரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நடு வெயிலில், எல்லாரும் பார்க்கும்படி வேன் படியில் ஏறி நின்று, மைக்குக்குக் கையை நீட்டினாள். அவள் ஒன்றும் பேசத் தெரியாதவள் இல்லை; கடன் சொன்ன வாடிக்கையாளர்களைச் சமாளித்துப் பழகிய வாய் அது.

"இவதான் என் பொண்ணு. பார்த்துக்குங்க. ரெண்டாம் நாளே கொண்டுபோனதால மருந்து பிடிச்சுச்சு. நாலாம் நாள் கொண்டுவந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. உங்க வீட்டுக்குள்ள எந்தப் புள்ளையாவது இருமிக்கிட்டிருந்தா, எனக்கு நடந்தது நமக்கும் நடந்துடுமோன்னு பயந்து மறைச்சு வெச்சுக்கிட்டிருக்காதீங்க. துணியை வேற யார்கிட்ட வேணும்னாலும் தெச்சுக்குங்க. புள்ளையைக் கொண்டாங்க."

முதலில் திறந்தது முப்பத்தொன்றாம் எண். அண்ணி வந்தாள், பிள்ளையை ஒரு போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு. கழுத்து வீங்கியிருந்தது, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பின்னால் அண்ணன், செருப்புகூடப் போடாமல். நர்ஸ் பிள்ளைக்கு முகக்கவசத்தைப் போட்டுத் தன் ஆட்டோவில் ஏற்றினாள். மருத்துவமனைச் சீட்டை எழுத உட்கார்ந்து, பழக்கத்தில், கதவு எண் என்ன என்று கேட்டாள்.

மைக்கக்கா முதலில் மைக்கை அணைத்தாள். அணைத்தது போதாதென்று ஒயரையும் பிடுங்கினாள். பிறகு நர்ஸின் காதருகே குனிந்து, தன் வாழ்நாளில் பேசாத சன்னக் குரலில் எண்ணைச் சொன்னாள். அதை அண்ணன் பார்த்தான். தங்கையின் கையை ஒரு முறை அழுத்திவிட்டு ஆட்டோவில் ஏறினான்.

கூடப் போக அவளுக்கு மனம் துடித்தது. ஆனால் எதிரில் இன்னொரு கதவு திறந்துகொண்டிருந்தது, அதற்கடுத்து இன்னொன்று. அவள் போகவில்லை. வேனை அங்கேயே விட்டுவிட்டு, இன்னொரு நர்ஸோடு ஒவ்வொரு வீடாக நடந்தாள். வாசலில் நின்று, அந்த வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். மாலைக்குள் இருபத்தாறு வீடுகள் ஊசி போட்டுக்கொண்டன. இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குத் தொண்டையில் வெள்ளைப் படலம் இருந்தது. இரண்டும் அன்றே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு அவளே பேக்கரிக்குப் போய், முதலாளியிடம் அரைமணி நேரம் பேசி, அண்ணன் முன்னெச்சரிக்கை மருந்தை முடித்துப் பரிசோதனையிலும் தேறிய பிறகு வேலைக்குத் திரும்பலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தாள்.

அதிகாரியிடமிருந்து மெமோ வந்தது. வேலை போகவில்லை, இருபத்தாறு என்ற எண்ணை மேலிடத்துக்கு அனுப்பிய பிறகு, அதைக் கொண்டுவந்தவளை வீட்டுக்கு அனுப்ப அவருக்கும் கை வரவில்லை. ஆனாலும் மெமோ மெமோதான், இரண்டு பக்கம். கையில் கிடைத்த தாள்களில் அதை மட்டும் மைக்கக்கா வாய்விட்டுப் படிக்கவில்லை.

இருபத்தேழாம் நாள் வேன் அந்தத் தெருவில் திரும்பியபோது ஜன்னல்கள் சாத்திக்கொள்ளவில்லை. பதினேழாம் எண் வீட்டில் மூட்டைகள் பிரிக்கப்பட்டிருந்தன, தையல் இயந்திரத்தின் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. துணி எல்லாரும் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஏழெட்டுப் பேர் கொண்டுவந்திருந்தார்கள்.

முப்பத்தொன்றாம் எண் வாசலில் அண்ணன் நின்றான். முந்தின நாள்தான் பிள்ளை வீட்டுக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கையை விரித்திருப்பேன் என்று டாக்டர் சொன்னதை அவன் நான்காவது முறையாக அவளிடம் சொன்னான். மைக்கக்கா வேனிலிருந்து இறங்கி, மைக்கைப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, இவ வந்துட்டான்னு சொல்லட்டுமா?"

"அதுக்குத்தானே வாசல்ல வந்து நிக்கறேன்."

அவன் காலுக்குப் பின்னாலிருந்து பிள்ளை வெளியே வந்தது. நீலச் செருப்புப் போட்டிருந்தது. இளைத்துப்போயிருந்தது, குரல் இன்னும் கரகரவென்றுதான் இருந்தது. மைக்குக்குக் கையை நீட்டியது.

"நான் சொல்றேன் அத்தை. எத்தனை தடவை சொல்லணும்?"

மைக்கக்கா மண்டியிட்டு மைக்கை அதன் கையில் கொடுத்தாள்.

"மூணு தடவைடா கண்ணு."