மூன்று அடி ஓர் அங்குலம்

நகராட்சியின் இணைய வரைபடத்தில் புதிய திருத்த வசதிகள் வந்த செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு, வரைபடக்காரியின் அக்கா புருஷன் ஒரு சந்தோடு சேர்ந்து கோடாகிப் போனார். அப்போது அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாளின் நாலாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஸ்டூலும் நாலாம் பக்கமும் கூடவே போயின. அடுப்பில் அவர் வைத்துவிட்டு வந்த பால் மட்டும் வெளியே மிஞ்சிப் பொங்கி வழிந்தது.

அந்தச் சந்து இரண்டரை அடி அகலம். அக்கா வீட்டுச் சமையலறைச் சுவருக்கும் தங்கை வீட்டுச் சமையலறைச் சுவருக்கும் நடுவில் கிடந்தது. அப்பா மனையைப் பங்கு பிரித்தபோது, சண்டை வரக்கூடாது என்று அதை இரண்டு பெண்களுக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டார். உரிமையாளர் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது. அவர் கண்ணை மூடி ஒரு மாதம் ஆவதற்குள் அந்தக் காலிக் கட்டத்தை வைத்தே சண்டை வந்தது. முதலில் ஒரு துணிக்கொடி, பிறகு ஒரு வாளி, பிறகு அந்த வாளியை யார் உதைத்தது என்ற கேள்வி. பதினோரு வருஷமாக அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அத்தான் மூலமாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர் தினமும் காலையில் ஒரு மணி நேரம் சந்தில் போய் உட்கார்ந்துவிடுவார். இருவரில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான் என்பார்.

தங்கைக்கு நகராட்சியின் வரைபடப் பிரிவில் வேலை. புதிய வசதிகளைத் தெரிந்த தெருவில் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் பிரிவு அலுவலர். அவள் தன் தெருவையே திறந்தாள். தன் வீட்டின் பின்மூலை பழைய வரைபடத்தில் ஒரு விரற்கடை கோணலாக இருப்பது அவளை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து நேராக்கினாள். திரை ஒரு முறை சிலிர்த்தது. மூன்று அடிக்குள் நெருங்கி நிற்கும் கோடுகளைத் தானாக ஒட்டிவைப்பது புதிய வசதிகளில் முதலாவது. ஒட்டியதை அந்தக் கணமே தானாகச் சேமித்துவிடுவது இரண்டாவது. ‘பின்வாங்கு’ பொத்தான் மூன்றாவது. சேமித்த எதையும் அதனால் பின்வாங்க முடியாது.

வீட்டில் சுவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்திருந்தன. இரண்டு சமையலறைகளும் ஆளுக்குப் பதினைந்து அங்குலம் பெருத்து, நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றன. அக்கா முதலில் டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். பிறகுதான் புருஷனைத் தேடினாள். சாயங்காலம் வரைபடக்காரி வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டபோது சுவருக்குள்ளிருந்து ஒரு செருமல் கேட்டது.

“பயப்படாதம்மா, நான்தான். அடுப்புல பால் வெச்சேன். நிறுத்திட்டாளான்னு உங்கக்காகிட்ட கேளு.”

“நானும் அவளும் பேசுறதில்லையே அத்தான்.”

“ஆமால்ல,” என்று அவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு கோடு திரும்பிக்கொள்ளும் சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டாள். காலண்டர் தாள் கிழிவதைப் போல இருந்தது.

மறுநாள் உதவி மையத்துக்கு எழுதினாள். தாங்கள் குறிப்பிட்டிருக்கும் நிகழ்வு வசதி சரியாக வேலை செய்வதையே காட்டுகிறது என்று பதில் வந்தது. உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்று எழுதினாள். ஆளின் புகைப்படத்தை இணைக்கச் சொன்னார்கள். சுவரைப் படமெடுத்து அனுப்பினாள். படத்தில் ஆள் தெரியவில்லை என்று சொல்லிப் புகாரை முடித்துவைத்து, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள். ஒட்டும் வசதியை அணைத்துவைக்கும் பொத்தான் திரையில் இருந்தது, ஆனால் சாம்பல் நிறத்தில் இருந்தது, அழுத்தினால் அழுந்தாது. அலுவலரிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “ஆளு பேசுறாருல்ல? அப்புறம் என்ன அவசரம்?” என்றார்.

மீதியிருந்த வழி ஒன்றுதான். வெட்டும் வசதியைக் கொண்டு சந்தைப் புதிதாக வெட்டி எடுக்க வேண்டும். மூன்று அடிக்கு மேல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அவள் மூன்று அடி ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாக எடுத்து வரைந்தாள். ஆனால் அந்தக் கோடு இப்போது இரண்டு வீட்டுக்கும் பொது. பொதுக்கோட்டைத் தொட்டால் இரு வீட்டுக்காரர்களின் போனுக்கும் ஆறு இலக்க ஓடிபி போகும், பத்து நிமிஷத்துக்குள் இரண்டையும் போட வேண்டும் என்பது இன்னொரு புதிய வசதி. தன் எண்ணைப் போட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். அக்கா வீட்டில் போன் கிணுங்கும் சத்தம் சுவர் வழியாக அத்தானுக்குக் கேட்டதாம். அக்கா எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாளாம். பெருத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். என் சொந்த இடத்திலும் கைவைக்கப் பார்க்கிறாள், வரைஞ்சவ அவ, அவ பக்கமே எடுத்துக்கட்டும் என்று அத்தானிடம் சொல்லி அனுப்பினாள். பாதிப் பாதிதான் நியாயம் என்று தங்கை திருப்பிச் சொல்லி அனுப்பினாள். நடுவில் மாட்டிக்கொண்டிருந்தவர் இரண்டையும் ஒரு சொல் குறையாமல் சேர்ப்பித்தார். எட்டு முறை வரைந்தாள். எட்டு ஓடிபிகள் செத்துப்போயின.

இப்படியே ஒரு வருஷமும் நாலு மாதமும் ஓடின. அத்தானுக்குப் பசிக்கவில்லை, பசிக்கக் கொஞ்சமாவது அகலம் வேண்டும் போலிருக்கிறது. செய்தித்தாளை ஒவ்வொரு தாளாகச் சுவர் விரிசலில் நுழைத்தார்கள். தேநீரை விரிசல் ஓரமாக ஊற்றினால் உறிஞ்சிக்கொள்வார், சர்க்கரை குறைவு என்று இரண்டு பக்கமும் குறை சொல்வார். மழைக்காலத்தில் மட்டும் சுவர் தும்மியது. அக்கா தன் பக்கத்துச் சுவரில் ஆணி அடிப்பதை நிறுத்தினாள். தங்கையும் நிறுத்தினாள், ஆனால் அக்கா நிறுத்தியது தெரிந்த பிறகு.

பிறகு ஒரு திங்கட்கிழமை அடுத்த பதிப்பைப் பற்றிய அறிவிப்பு வந்தது. பயனர்களின் வரவேற்பைத் தொடர்ந்து, வரும் முதல் தேதி முதல் அகலமில்லாத மிச்சக் கோடுகள் தானாகவே கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்படும் என்று அதில் இருந்தது. வரைபடக்காரி மூன்று முறை படித்தாள். முதல் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. உதவி மையத்துக்கு எழுதினாள். நற்செய்தியைப் பகிர்ந்ததில் மகிழ்ச்சி என்றார்கள். வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கழற்றாமல் சுவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“அவகிட்ட நானே சொல்றேன்,” என்றார் அத்தான். காலண்டர் தாள் கிழிந்தது. திரும்பி வந்து, “கேட்டுட்டு அந்த அலமாரியையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா,” என்றார்.

“அந்த எண்ணைச் சொன்னா என்ன கொறஞ்சு போயிடுவா? பதினாறு மாசமா கெஞ்சுறேன்.”

“நீ கெஞ்சல, அளந்த. அவளும் அளந்தா. நான் நடுவுல இருக்கப்போய்த்தான் உங்க ரெண்டு பேராலயும் இத்தனை வருஷம் பேசாம இருக்க முடிஞ்சுது. அதை நெனச்சாத்தான் எனக்கு எரிச்சலா வருது.” அவர் இவ்வளவு காட்டமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. சுவரில் சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அவள் முப்பத்தேழு அங்குலத்தையும் தன் பக்கத்திலிருந்தே வெட்டினாள். சும்மா வந்த பதினைந்து போக, சொந்தச் சமையலறையில் இருபத்திரண்டு அங்குலம். ஃபிரிட்ஜ் நிற்கும் இடம் அதுதான். அந்த எரிச்சலோடு சேமிக்கப் போனால் கட்டம் சிவந்தது. உரிமையாளர் பெயரைக் காலியாக விட முடியாது; அதுவும் இடையில் வந்த புதிய வசதி. எட்டு முறையும் அப்பா விட்டபடியே காலியாக விட்டிருந்தாள். இப்போது சிவப்பு நட்சத்திரம் ஒன்று அங்கே துடித்துக்கொண்டிருந்தது. தன் பெயரை எழுதினாள், அழித்தாள். அக்காவின் பெயரை இரண்டு எழுத்துவரை எழுதி, அதற்கு மேல் கை போகாமல் அழித்தாள். கடைசியில் அத்தானின் பெயரை எழுதினாள். கட்டம் பச்சையானது. இரண்டு போன்களுக்கும் ஓடிபி போனது.

இம்முறை குறுஞ்செய்தியில் முழு விவரமும் இருக்கும்: எத்தனை அடி, யார் பக்கத்திலிருந்து, யார் பெயருக்கு. தன் எண்ணைப் போட்டுவிட்டுத் திரையின் மூலையில் ஓடும் நிமிஷங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது நிமிஷத்தில் அவளுடைய போன் அடித்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அக்கா கூப்பிட்டாள்.

“நாலு, ஏழு, பூஜ்யம்,” என்றது அக்காவின் குரல். “எழுதிக்கிட்டியா? பூஜ்யம், ரெண்டு, ஒன்பது.”

“எழுதிட்டேன்.”

“எங்க பக்கம் எடுக்கலையே?”

“இல்ல.”

“ஃபிரிட்ஜை எங்க வைப்ப?”

“முன் அறையிலதான்.”

“அங்க பிளக் பாயின்ட் இல்லையேடி,” என்று சலித்துக்கொண்டு அக்கா போனை வைத்தாள்.

அன்று சாயங்காலம் சந்து மூன்று அடி ஓர் அங்குலம் அகலத்தில் கிடந்தது. அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து நாலாம் பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தபோதுதான் கவனித்தார்கள்: முன்னாலிருந்து பார்த்தால் பழைய ஆள், பக்கவாட்டில் பார்த்தால் ஆளே இல்லை. மருத்துவர் முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு, நடுவில் சொல்ல ஒன்றுமில்லை என்றார். அக்காவின் முன் அறையிலிருந்து ஒரு ஒயர் சந்தின் மேலாகத் தங்கை வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போகிறது. அதற்கு இட உரிமையாளர் என்ற முறையில் அத்தான் அனுமதி கொடுத்தார். அக்காவும் தங்கையும் ஒயரைப் பற்றி நேருக்கு நேராகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஒருவரை ஒருவர் பேச்சில் மடக்க முடியாத நேரத்தில் இரண்டு பேரும் அவரைக் கூப்பிட்டு, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க என்கிறார்கள். படித்துக்கொண்டிருக்கும் பத்தி முடிந்த பிறகு அவர் திரும்புகிறார்.