இரண்டு தட்டினால் போகலாம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அன்றைக்கு மட்டும் அது அங்கே இல்லாமல் போயிருந்தால், ஒரு மனிதரைக் கொண்டுபோய்க் காப்பகத்தில் போட்டிருப்பார்கள்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலையும் மாலையும் பிள்ளைகளுக்கு. நடுவில் கிடைக்கிற பகலை எங்கள் குழுவுக்குக் கொடுத்துவிடுவேன். குழு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் தலைவி, அவருக்குக் கீழே நாங்கள் ஏழெட்டுப் பேர். தனியாக இருக்கும் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அவருடைய நாயையும் பூனையையும் யார் பார்ப்பது? நாங்கள் பார்ப்போம். ஆள் வீடு திரும்பியதும் பிராணியும் வீடு திரும்பும். அதன் பிறகும் அவருக்கு முடியாததை நாங்கள் செய்து கொடுப்போம். இதில் 'திரும்பும்' என்பதைச் சிலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். அப்படி மறந்த ஒரு தம்பதியோடுதான் எனக்குச் சண்டை.

கண்டக்டர் என்றே அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முதல் தடவை பக்கவாதம் வந்தபோது வலது கால் இழுத்துக்கொண்டது, வேலை போயிற்று. தரைத்தளத்தில் ஓர் அறை, நாலு முனை உள்ள ஊன்றுகோல், ஒரு பழுப்பு நிறத் தெருநாய். நாய்க்கு டிப்போ என்று பெயர். "எங்க சுத்தினாலும் ராத்திரி வந்து சேர்ற எடம் அதுதானே?" என்று என்னிடம் ஒரு தடவை சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பும் பேச்சும் இரண்டாவது தடவை வந்ததில் போய்விட்டன.

ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போனபிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். எங்களுக்கு ஒரு முறை உண்டு: பிராணியை எடுக்கும்போது அதற்கு உரியவரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வோம். என்ன தின்னும், எதற்குப் பயப்படும், எங்கே படுக்கும். அன்று கேட்க ஆளில்லை. அப்படியே ஆள் இருந்திருந்தாலும் அது எப்படி நடக்கும் என்று கேட்டிருக்க மாட்டோம். நாய் நடப்பதில் கேட்க என்ன இருக்கிறது?

டிப்போவை அந்தத் தம்பதியின் தோட்டத்து வீட்டில் விட்டோம். நல்லவர்கள் என்று டீச்சர் சொன்னார். நல்லவர்கள்தான். எனக்கு வயிற்றெரிச்சலே அதில்தான். கெட்டவர்கள் என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

கண்டக்டர் வீட்டுக்கு வந்ததும் தோட்டத்து வீட்டம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ப்ரின்ஸுக்கு உடம்பு சரியில்லம்மா," என்றார்.

"யாரு ப்ரின்ஸ்?"

"நம்ம நாய்தான். டிப்போன்னெல்லாமா பேர் வைப்பாங்க? பாவம், நாலு எட்டு வச்சா உக்காந்துடுது. இடுப்புல வலி. அங்க அதைக் கவனிக்காமலே விட்டிருக்காங்க. மாத்திரை குடுத்துட்டு இருக்கோம். இந்த நெலமையில அனுப்ப எங்களுக்கு மனசு வரலை."

'நம்ம நாய்' என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தேன்.

நேரே கண்டக்டரின் அறைக்குப் போனேன். அவருடைய அக்கா வந்திருந்தார். ஆணியில் நாய்ச் சங்கிலி தொங்கியது. தண்ணீர்க் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். நான் தனியாக வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எந்திரிக்கவே மாட்டேங்கிறாம்மா," என்றார் அக்கா. "நடந்து பழகினாத்தான் தனியா இருக்க முடியுமாம். இல்லேன்னா காப்பகம்தான்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அந்த நாய் இருந்தப்ப ஒரு நாளைக்கு மூணு தடவை வெளிய போவான். இப்ப யாருக்காக நடக்கப்போறான்? எனக்கும் முட்டி போச்சு. நான் எத்தன நாளைக்குத் தூக்கி உக்கார வைப்பேன், சொல்லு?"

டீச்சரிடம் போனேன். அவர் கையைப் பிசைந்தார்.

"அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கேம்மா. நாயோட நலனையும் பாக்கணுமில்ல? தோட்டம் இருக்கு, வசதி இருக்கு..."

"வசதி இருக்கிறவங்கதான் நாய் வளக்கணும்னா நாம எதுக்கு டீச்சர்? கடைய மூடிட்டுப் போயிடலாமே!"

டீச்சர் கடைசியில் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். கண்டக்டரையே அங்கே கூட்டிப்போவது. நாய் நடக்கும் அழகை அவர் கண்ணாலேயே பார்த்தால் மனதைத் தேற்றிக்கொள்வாராம். எனக்கு அந்த யோசனை கொஞ்சமும் பிடிக்கவில்லை. இருந்தாலும் நாயை ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, என் வேனிலேயே அவரை ஏற்றிப்போனேன். அக்காவும் நானும் சேர்ந்து தூக்கி இடதுபக்க ஜன்னலோரம் உட்கார வைத்தோம். தோட்டத்து வீட்டின் வாசலில் டீச்சர் காத்திருந்தார். வேனை நிறுத்திவிட்டு நான் மட்டும் இறங்கி கேட் அருகே போனேன். தோட்டத்து வீட்டம்மா நாயோடு உள்ளே நின்றார். நாயின் முதுகு எங்கள் பக்கம். கழுத்தில் புதுப் பட்டை, மேனியெல்லாம் ஷாம்பு வாசனை. அவர் கணவர் தாழ்வாரத்தில் கைகட்டி நின்றார்.

"நீங்களே பாருங்க," என்று அந்த அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நடந்தார்.

நாய் நாலு எட்டு வைத்தது. நின்றது. உட்கார்ந்துகொண்டு காதை விறைத்தது.

"பாத்தீங்களா? எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலை. ஆனா வலி இல்லாம ஒரு நாய் இப்படி உக்காருமா? அவரால இதுக்கு வைத்தியம் பாக்க முடியுமா? அவருக்கே..."

அப்போது என் வேனின் தகரத்தில் சத்தம் கேட்டது. தட், தட். இரண்டு தட்டு.

எங்கள் வேனில் பிள்ளைகளை ஏற்றிவிடும் பெண் தினமும் அப்படித்தான் தட்டுவாள். எல்லோரும் ஏறியாயிற்று, போகலாம் என்று அர்த்தம். அந்தத் தட்டு விழாமல் நான் வண்டியை எடுக்கவே மாட்டேன். தரையில் நிற்கிறேன் என்பதும் மறந்து என் வலது கால் ஆக்ஸிலேட்டரைத் தேடியது.

நாய் எழுந்து நடந்தது.

ஒரு தட்டு விழுந்தது. நாய் நின்று உட்கார்ந்தது. மறுபடி இரண்டு. எழுந்தது, ஆனால் இந்தத் தடவை நடக்கவில்லை. சத்தம் வந்த திசைக்குத் திரும்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கண்டக்டரின் இடது கை தகரத்தின் மேல் இருந்தது. பேச்சு போயிருந்தது, பஸ்ஸைத் தட்டித் தட்டிப் பிழைப்பு நடத்திய கை போகவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால் இழுக்கிற மனிதரோடு இத்தனை வருஷம் நடந்த நாய். நாலு எட்டு வைக்கும், நிற்கும். அவர் ஊன்றுகோலோடு வந்து சேரும்வரை உட்கார்ந்திருக்கும். வந்து சேர்ந்ததும் அவர் ஊன்றுகோலால் இரண்டு தட்டு தட்டுவார், அது மறுபடி கிளம்பும். இங்கே வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாலு எட்டுக்கும் அவருக்காகக் காத்திருந்திருக்கிறது. அதற்குத்தான் இவர்கள் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

நாய் ஊளையிட்டுக்கொண்டு கேட்டை நோக்கி இழுத்தது. அந்த அம்மா இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் இரக்கப்படவில்லை.

"அது வெறும் பழக்கம்மா," என்றார். "ஒரு வார்த்தை பேச முடியல அவருக்கு. நாய எப்படிப் பாத்துக்குவார்?"

"முடியாதுதான்," என்றேன். என் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். "குளிப்பாட்ட முடியாது, நான் குளிப்பாட்டுறேன். ஊசிக்குக் கூட்டிட்டுப் போக முடியாது, இதோ நிக்கிறாங்களே டீச்சர், இவங்க கூட்டிட்டுப் போவாங்க. அவருக்கு முடியாதது அத்தனையையும் நாங்க செஞ்சிடலாம். நீங்க நாய வச்சுக்கிட்டீங்கன்னா, அவர நாற்காலியிலேர்ந்து எழுப்ப எங்களால முடியாதும்மா! நீங்க நல்லவங்கதான். ஆனா உங்க நல்ல மனசுக்கு அடுத்தவங்க நாய்தான் கெடச்சுதா?"

டீச்சர் முன்னால் போய், அந்த அம்மாவின் கையிலிருந்த வாரை விரல் விரலாகப் பிரித்து வாங்கினார். அவரிடம் அவ்வளவு தைரியம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. நாய் வேனுக்குள் எப்படி ஏறியது என்று யாருக்கும் தெரியாது. நான் பார்க்கும்போது கண்டக்டரின் மடியில் பாதியும் அக்காவின் மடியில் பாதியுமாகக் கிடந்தது. "மெதுவா, மெதுவா, முட்டி!" என்று அக்கா அலறினார். கண்டக்டரின் முகம் ஒரு பக்கம் சிரித்தது. இன்னொரு பக்கத்தால் முடியவில்லை.

அவருடைய தெரு குறுகல். எதிர்ப்பக்கம் வேனை நிறுத்தி இறக்கினோம். பிடிக்கப்போன அக்காவின் கையை அவர் தள்ளிவிட்டார். ஊன்றுகோலை ஊன்றி நின்று, அதை இரண்டு தட்டு தட்டினார். டிப்போ நாலு எட்டு வைத்து நடுத்தெருவில் உட்கார்ந்தது. அவர் ஒரு காலை வைத்தார், மற்றதை இழுத்தார். ஒரு காலை வைத்தார், மற்றதை இழுத்தார்.

பின்னால் ஒரு கார்க்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. நான் போய் அவன் காருக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றேன்.

"இன்னும் ஆள் வந்து சேரலய்யா," என்றேன். "ரெண்டு தட்டு விழட்டும். அதுக்கப்புறம் வண்டிய எடு."