எலுமிச்சம்பழம் பார்த்துச் சொன்ன காற்று

நேற்று கோயில் வாசலில் பூசை போட்டபோது ஷீலாவின் புது மோட்டார் சைக்கிள் எலுமிச்சம்பழத்தை நசுக்கவில்லை. மணலில் அமுங்கிய பழம் முழுசாக வெளியே வந்தது. மணலைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"டயர்ல காத்து பத்தல," என்றார் ராமையா மாமா. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். சக்கரம் உள்ள எதைப் பற்றியும் அவரிடம் தீர்ப்பு தயாராக இருக்கும்.

இன்று காலை பெட்ரோல் ஸ்டேசனில் அவரே காற்றுக் குழாயைப் பிடித்தார். கோலா கெடாவில் ஒன்பது மணிப் படகைப் பிடித்தால்தான் ஷீலா லங்காவித் தீவில் ஹோட்டல் வேலைக்கான நேர்முகத்துக்குப் போக முடியும். லைசென்ஸ் அவளிடம்தான் இருந்தது. ஆனால் புது வண்டியின் முதல் தூரப் பயணத்துக்கு ஆம்பளைக் கை வேண்டுமாம். வேலை கிடைக்கும்வரை சண்டை வேண்டாம் என்று ஷீலா சாவியை அவரிடம் கொடுத்தாள். கொஞ்ச நேரம்தான்.

"மாமா, வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. காத்து முன்னுக்கு இருநூறு, பின்னுக்கு இருநூத்தி இருபத்தஞ்சு."

"அது ஜப்பான்காரன் கணக்கு. நம்ம ஜாலான்ல, ரோட்டுக்கு ரோடு இருக்கிற குழி அவனுக்குத் தெரியுமா?"

காற்று மெஷினின் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். திரையில் முந்நூற்றைம்பது வந்த பிறகுதான் விரல் ஓய்ந்தது. இரண்டு டயர்களும் கல்லாயின.

பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்துச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்து வண்டியை உருட்டினார். பச்சென்று நசுங்கின. சிமெண்டுத் தரையில் பழம் வேறு என்ன செய்யும்?

"பாத்தியா? இதுதான்லா சரியான காத்து."

வழியெல்லாம் வண்டி குதித்தது. ஒவ்வொரு குழியும் ஷீலாவின் முதுகெலும்பில் தனித்தனியாக வந்து ஏறியது. கோலா கெடா மீன் சந்தை வாசலில் ஐஸ் கரைந்த தண்ணீர் ரோட்டில் ஓடியது. குறுக்கே வந்த மீன் வண்டிக்காக மாமா பிரேக் போட்டார். கல்லான பின்சக்கரம் வழுக்கித் தன் வழியே போனது.

முழங்கை சிராய்ந்ததோடு தப்பித்தார்கள். வெள்ளைச் சட்டை முழுக்க மீன் தண்ணீர். அவள் எழுந்து வண்டியை நிமிர்த்துவதற்குள் படகு ஆற்றுமுகத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஹோட்டலுக்குப் போன் செய்தாள். இன்றோடு ஆள் எடுப்பு முடிகிறது என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள்.

"பழம் நசுங்குனதாலதான் உசுரு பொழைச்சோம்," என்றார் மாமா.

ஷீலா குந்தி உட்கார்ந்து, சாவி முனையால் வால்வை அமுக்கினாள். காற்று சீறியது. கட்டைவிரலுக்கு டயர் கொஞ்சம் இணங்கும்வரை விட்டாள். இன்னொரு டயருக்கும் அதுவே. பிறகு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள்.

"அப்ப நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"பஸ்ல போங்க மாமா. அதுல காத்து நெறைய இருக்கும்."