முப்பத்தாறு வில்லைகள்

'டக்!'

கடைசி வில்லை எகிறிப் போய் அவன் கோலின் நுனியில் ஒட்டிக்கொண்டது. நான் பதினேழாவது முறையாகத் தோற்றேன்.

"முடிஞ்சுது அண்ணி," என்றான் என் கொழுந்தன். "அடுத்த ஆட்டம் இப்பவா, டீ குடிச்சிட்டா?"

வீட்டில் அவனுக்குப் பெயர் கம்ப்யூட்டர். ஐந்தாம் வகுப்பில் நூறு ஊர்களின் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பித்தானாம். அன்று என் மாமியார் வைத்த பெயர் முப்பத்து நான்கு வயதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொழில், வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்பது. கிருமிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவான். பேசும்போதே கடலைத் தோலை என் ஆட்டத் தட்டின் மேல் ஊதுவான், டீயைச் சத்தம் போட்டு உறிஞ்சுவான், மூக்கை நிமிண்டுவான், காதைக் குடைவான், ஐந்து விரல்களுக்கும் வரிசையாகச் சொடக்கு எடுப்பான். சுண்டு விரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தான். எதற்கு என்று நான் கேட்டதில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விளையாட்டுப் பொருள் கம்பெனியில் என் ஆட்டத்தைக் காட்ட வேண்டும். இதற்கு முன் நான் கொண்டுபோன இரண்டு ஆட்டங்களும் திரும்பி வந்துவிட்டன. இது மூன்றாவது, எட்டு மாத உழைப்பு.

ஆட்டம் எளிமையானது. வட்டத் தட்டில் முப்பத்தாறு குழிகள். குழிக்கு ஒரு வில்லை. ஒவ்வொரு வில்லைக்குள்ளும் ஒரு குட்டிக் காந்தம் புதைந்திருக்கும். பாதியில் வடமுனை மேலே, மீதியில் தென்முனை மேலே. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆடுபவர்கள் இரண்டு பேர். ஆளுக்கொரு காந்தக் கோல், ஒன்றுக்கு ஒன்று எதிர்முனை. எனக்கு ஒட்டும் வில்லை எதிராளிக்கு விலகும். அவருக்கு ஒட்டுவது என்னைக் கண்டால் குழிக்குள் துள்ளிச் சாயும்.

ஒரு முறைக்கு இரண்டு வில்லைகளைத் தொடலாம். இரண்டும் ஒட்டினால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒட்டியதைத் திரும்ப வைத்து, சாய்ந்ததை விரலால் அமுக்கிச் சரி செய்துவிட்டு, எது எங்கே என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று முறைக்கு ஒரு தடவை தட்டு, அடியிலுள்ள பற்சக்கரத்தில் ஒரு பல் திரும்பும். மனதில் போட்ட படம் மொத்தமும் நகர்ந்துவிடும். யார் தன்னுடைய பதினெட்டையும் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு வெற்றி.

வில்லைகளைச் செய்தவர் என் கணவர். வீட்டின் முன்னறையில் பல்செட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ஈறு செய்யும் அதே பிசினில் வார்த்ததால் முப்பத்தாறும் இளஞ்சிவப்பாக, யாரோ வாய் திறந்து சிரிப்பதுபோல் பளபளக்கும்.

மாலை நான்கு மணிக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கொள்முதல் மேலாளர் அம்மாள். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"இருபது ஆட்டக் குறிப்பு தயாரா?"

"பதினேழு முடிஞ்சுது மேடம்."

"எப்படிப் போகுது?"

"பதினேழும் ஒரே ஆள் ஜெயிச்சிருக்கார்."

மறுமுனையில் பேனாவை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரே ஆள் பதினாலுக்கு மேல ஜெயிச்சா அது ஞாபக ஆட்டம் இல்லம்மா. எங்கயோ ஓட்டை இருக்கு. ஓட்டை இருக்கற ஆட்டத்தை நான் எடுக்கறதில்லை. வெள்ளிக்கிழமை அந்த ஆளையும் கூட்டிட்டு வாங்க. நான் அவரோட ஆடிப் பார்க்கறேன்."

போன் கட்.

என் கணவரோடு ஆடினால் ஐந்துக்கு ஐந்து என்று சமமாக வருகிறது. ஆனால் வில்லையைச் செய்தவர் ஆடியது கணக்கில் சேராது, வெளி ஆள்தான் ஆட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. அப்படிப் பிடித்த வெளி ஆள் இந்தக் கம்ப்யூட்டர்.

மாமியாரிடம் புலம்பினேன். அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "என்கிட்ட கேட்டா எப்படி? அவன் மூளை அப்படி! நீ வேணா உன் ஆட்டத்தை மாத்திக்கோம்மா. என் பிள்ளை மூளையை மாத்த முடியுமா?"

மூளையா, வேறு ஏதாவதா?

வியாழக்கிழமை காலை அவனுடைய மோதிரத்தைக் கழற்றச் சொன்னேன். கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்தேன். அவன் கோலைச் சோதித்துப் பார்த்தேன். தட்டை ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு பல் திருப்பினேன். அப்படியும் தோற்றேன். பதினெட்டு! பத்தொன்பது!

"என்ன அண்ணி, போலீஸ் மாதிரி சோதனை போடறீங்க?" என்று காதைக் குடைந்துகொண்டே சிரித்தான். "சட்டையையும் கழட்டணுமா?"

"வேண்டாம் தம்பி. இதுக்கு மேல எதையும் பார்க்கிற தைரியம் எனக்கில்லை."

அவன் வியாபாரத்துக்குக் கிளம்பியதும் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

"என்னங்க, காந்தம் எதுவும் வெளியே தெரியுதான்னு பாருங்களேன்."

என் கணவர் விளக்கை இழுத்துச் சாய்த்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வில்லையை எடுத்தார். திருப்பினார். நெற்றி சுருங்கியது.

"காந்தம் பத்திரமாத்தான் இருக்கு. மேல என்னவோ ஈஷியிருக்கே. மெழுகு மாதிரி."

"மெழுகா?"

"பழுப்பா இருக்கு. ஒட்டு மெழுகா இருக்கும். ஆனா நான் இதுல மெழுகே வைக்கலையே..."

நகத்தால் சுரண்டினார். இரண்டு விரல்களுக்கு நடுவில் உருட்டினார். முகர்ந்தார். அதன் பிறகு, இருபது வருடமாக எந்த மெழுகு வந்தாலும் செய்கிற காரியத்தைச் செய்தார். முன்பல்லால் லேசாகக் கடித்துப் பார்த்தார். எந்த ரகம், எவ்வளவு இளக்கம் என்று அவருக்குப் பல்தான் சொல்லும்.

"கசக்குதே!" என்றார் நாக்கைச் சப்புக் கொட்டி. "இது எந்த மெழுகு?"

எனக்கு ஏதோ உறைத்தது.

"துப்புங்க."

"ஏன்?"

"முதல்ல துப்புங்க! அப்புறம் சொல்றேன்!"

தட்டை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தேன். பளபளக்கும் இளஞ்சிவப்பின் மேல் அங்கங்கே மங்கலாக, பழுப்பு மஞ்சளில், ஒரு சின்ன இழுப்பு. எண்ணினேன். பதினெட்டு வில்லைகளில் இருந்தது. மீதிப் பதினெட்டும் சுத்தம். என் கோலை எடுத்து ஈஷியிருந்த ஒவ்வொன்றாகத் தொட்டேன்.

டக். டக். டக். பதினெட்டும் எனக்கு ஒட்டின!

அதாவது அவனை விலக்குபவை. தொட்ட வில்லை சாய்ந்ததும் காதைக் குடைந்த விரலாலேயே அதை அமுக்கிவிடுவான். பிறகு தட்டு எத்தனை பல் திரும்பினால் என்ன? குறி வில்லையோடு சேர்ந்து அல்லவா சுற்றுகிறது! ஈஷியதைத் தொடாமல் மற்றதை எடுத்தால் வேலை முடிந்தது.

"என்ன மெழுகுன்னு சொல்லித் தொலையேன்," என்றார் என் கணவர்.

"உங்க தம்பி காதுல விளையற மெழுகு."

அவர் ஓடிய வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. குழாய் திறக்கும் சத்தம். அதற்குப் பின் கேட்ட சத்தங்களை எழுதப்போவதில்லை.

எனக்கு என் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பத்தொன்பது ஆட்டங்கள். ஒவ்வொன்றிலும் அந்த வில்லைகளைத் தொட்டேன். தொட்ட கையால்... கடலை தின்றேன். சோப்பு கரைந்து சில்லாகும் வரை கழுவினேன். போதவில்லை.

தட்டைக் கொதிநீரில் கழுவினேன். வில்லைகளை நான்கு பைகளுக்குள் போட்டு முடிச்சுப் போட்டுக் குப்பை வண்டியில் ஏற்றினேன்.

மாமியாரிடம் சொல்லியிருக்கலாம். பிள்ளையின் மூளை எங்கிருந்து வழிகிறது என்று காட்டியிருக்கலாம். ஆனால் அவன் கோபித்துக்கொண்டு வராமல் போய்விட்டால்? மேலாளர் அம்மாள் அவனைப் பார்க்க வேண்டும் என்கிறார். கம்பெனியில் விஷயத்தைச் சொன்னால் என்ன ஆகும்? அப்புறம் அந்த ஆட்டத்தை யார் கையால் தொடுவார்கள்? 'காதழுக்கு ஆட்டம்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆகவே வாயை மூடிக்கொண்டு ஓட்டையை மட்டும் அடைத்தேன். கோல்களின் மறுமுனையில் மரக்குமிழ் பொருத்தினேன். இனி ஒட்டியதை வைப்பதும் சாய்ந்ததை அமுக்குவதும் கோலால்தான். கை படக்கூடாது. என் கணவர் மறுநாள் காலையில் புதிதாக முப்பத்தாறு வில்லைகள் வார்த்துக் கொடுத்தார், இரண்டு கைகளிலும் உறை மாட்டிக்கொண்டு. மிச்ச உறைகளை என் பைக்குள் திணித்தார்.

"எதுக்குங்க?"

"அவனோடல்ல போற? வச்சுக்கோ."

வெள்ளி. பதினோரு மணி.

கண்ணாடி அறை. வெள்ளை மேஜை. மேலாளர் அம்மாள் முழுக்கைச் சட்டையை ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் எதிரே. நான் விதியைச் சொன்னதும் அவன் கழுத்து என் பக்கம் வெடுக்கென்று திரும்பியது.

"கை படக்கூடாதா? இது எப்ப வந்த சட்டம் அண்ணி?"

"நேத்து தம்பி."

முதல் ஆட்டம். ஏழாவது முறையிலேயே தடுமாறினான். விரல் காதுக்குப் போனது, வந்தது, வைக்க இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது. கடைசியில் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். ஐந்து வில்லை பாக்கியோடு தோற்றான். இரண்டாவதில் எட்டு பாக்கி.

காது நுனி சிவக்க எழுந்தான்.

"மேடம், இது மோசடி! அண்ணி காந்தத்தை மாத்திட்டாங்க. பத்தொன்பது ஆட்டம் ஜெயிச்சவன் நான். இந்த ரூலே என்னைத் தோக்கடிக்க வச்சது!"

மேலாளர் அம்மாளின் பார்வை என் மேல் திரும்பியது. ஊசி மாதிரி.

"காந்தத்தை மாத்தினீங்களா?"

"வில்லைங்க புதுசு மேடம். பாதிக்குப் பாதி அதே கணக்குதான்."

"பழைய வில்லைங்களுக்கு என்ன ஆச்சு?"

நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஆட்டம் காலி. சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுக்காரி. கைப்பைக்குள் விரல்கள் எதையோ நெருடின. வழவழப்பாக.

"தம்பி ஆசைப்படற மாதிரியே ஆடலாம் மேடம்," என்றேன். "பழைய ரூல். கையாலேயே. ஒண்ணே ஒண்ணு, ரெண்டு பேரும் இதை மாட்டிக்கணும்."

உறைகளை மேஜையில் வைத்தேன். அம்மாள் புருவத்தை உயர்த்தினார். ஒன்றும் கேட்காமல் மாட்டிக்கொண்டார். அவனும் மாட்டினான். பழைய விதி கிடைத்த சந்தோஷம் முகத்தில்.

மூன்றாவது ஆட்டம். முதல் முறை. இரண்டாவது முறை. அவன் கோல் பட்டு ஒரு வில்லை சாய்ந்தது.

கை தானாக எழுந்தது. மூளைக்குச் சொல்லாமலேயே எழுந்தது என்றுதான் நினைக்கிறேன். உறை மாட்டிய சுண்டு விரல் காதுக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றியது. உள்ளே 'பட்'டென்று ஒரு சத்தம். விரல் வெளியே வந்தபோது நகம் உறையைக் கிழித்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தது, சரக்கோடு. அந்த விரல் நேராக வில்லைக்கு இறங்கி, அமுக்கி, ஓர் இழுப்பு இழுத்தது.

மேலாளர் அம்மாள் தன் இரண்டு கைகளையும் மேஜையிலிருந்து மெதுவாக எடுத்தார். வில்லையைப் பார்த்தார். அவன் காதைப் பார்த்தார். மறுபடி வில்லையைப் பார்த்தார்.

"பத்தொன்பது ஆட்டமும்... இப்படித்தானா?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். கம்ப்யூட்டர் தன் விரலை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வில்லைங்களை என்ன பண்ணீங்க?"

"குப்பைக்குப் போயாச்சு மேடம். நாலு பைக்குள்ள."

"இந்த வில்லையையும் போடுங்க." உறைகளை உரித்துக் கூடையில் எறிந்தார். கிருமிநாசினியைக் கொட்டி முழங்கை வரை தேய்த்துக்கொண்டார். "ஓட்டை ஆட்டத்துல இல்லைன்னு தெரியுது. கோல் ரூல் நல்லா இருக்கு. அதை மாத்தாதீங்க. ஒரு வாரம் தர்றேன். இருபது ஆட்டம், மறுபடி ஒண்ணுலேருந்து. வேற ஆளோட." வாசலில் நின்று திரும்பினார். "முக்கியமா, வேற ஆளோட."

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தான்.

"முதல்ல பழக்கத்துலதான் பட்டுது அண்ணி. சத்தியமா. நாலாவது ஆட்டத்துல பார்த்தேன், பட்ட வில்லை மட்டும் மங்கலாத் தெரிஞ்சுது. அம்மா வேற எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாங்களா... விட முடியலை."

"ம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல? ஏன் அம்மாகிட்ட சொல்லலை?"

"சொன்னா உங்க அண்ணன் அதைக் கடிச்சுப் பார்த்ததையும் சொல்லணுமே தம்பி."

"எதை?"

நான் அவன் காதைப் பார்த்தேன். அவனுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடினான். அவன் வாயைப் பொத்தியது எந்தக் கையால் என்பதைக் கவனித்துவிட்டதால் மீதி வழி எனக்கும் சரியாக இல்லை.

வீட்டில் என் கணவர் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து ஒன்பதாவது தடவை. மாமியார் ஆவலோடு எழுந்து வந்தார்.

"கம்ப்யூட்டர் ஜெயிச்சானா?"

"அந்த ஆட்டமெல்லாம் செல்லாது அத்தை. மறுபடி ஒண்ணுலேருந்து ஆடணும், வேற ஆளோட."

"வேற ஆள் எதுக்கு? நான் இல்லையா? என் மூளைதானே அவனுக்கு!"

நான் இறக்கி வைத்த தட்டின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். மிச்சமிருந்த முப்பத்தைந்து புது வில்லைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்துப் பதமாக நனைத்துக்கொண்டு, முதல் வில்லையை நோக்கி நீட்டினார்.

நடுவில் கோலை நீட்டித் தடுத்தேன்.

"இதால அத்தை. இதால மட்டும்தான்."